கொட்டகை ஹாரன் வைத்த வீடு

நான் குடியிருந்த வீட்டின் ஓனரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முதுகுதான். ஹாலின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்திருப்பார். எதிரே, சுவரை அடைத்துக்கொண்டு, சினிமாக் கொட்டகையில் திரைக்குப் பின்னால் இருக்கும் ஹாரன் ஸ்பீக்கர்கள் இரண்டு. பீரோ உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள், அவற்றின் தலைமேல் அண்டா அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டு இரண்டு இரும்பு ஹாரன்கள். ஆரணியில் ஒரு சாதாரண வீட்டு ஹாலுக்குள் இத்தனையையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் பாட்டு கேட்கிறார் என்றால், அந்த வீட்டில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். மற்றவர்கள் என்றால் அக்கா ஒருத்திதான், அவருடைய மனைவி. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பியாகிவிட்டது. ஹாரன் வந்ததும் சோபா வெளியே போய்விட்டது, ஷோகேஸ் சமையலறைக்குப் போய்விட்டது, டிவி ஃபிரிட்ஜின் மேல் ஏறிவிட்டது. அக்கா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

மாடிப் போர்ஷன் எனக்கு. செய்யாறில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்ட். என் கணவருக்கு ஓசூரில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார், வந்ததும் தூங்குவார். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் காலையில் என்னை இறக்கிவிடும்போது உடம்பில் உயிர் இருக்கும், அவ்வளவுதான். மாடியேறிப் படுத்தால் கீழே ஆரம்பிக்கும். முழுப் பாட்டு என்றால்கூடத் தூங்கிவிடலாம். பாட்டில் ஒரே ஒரு வரி. ஒரு பெண் குரல் மேலே ஏறி இறங்கும். நிற்கும். மரத்தின் மேல் இரும்பை நகர்த்துகிற கரகர சத்தம். மறுபடி அதே வரி. குடிவந்த புதிதில் அது எனக்குப் பிடித்த பாட்டாக இருந்தது.

குடிவந்த மறுநாளே என்னைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். நாற்காலியின் கால்கள் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்திருந்தார். கால் கோட்டைத் தாண்டினால் அவர் முகம் மாறிவிடும்.

"எப்டி கீதும்மா?"

"நல்லா இருக்குதுங்கண்ணா."

"நல்லா இருக்குதுன்னு பால்காரன்கூடத்தான் சொல்றான். எது நல்லா கீது? அந்தம்மா முன்னாடி வந்து நின்னு பாடறாங்களா, பின்னாடி நின்னு பாடறாங்களா?"

"சத்தமா இருக்குதுண்ணா," என்றேன். அது உண்மை. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அதன் பிறகு ரொம்ப நாள் என்னிடம் கருத்து கேட்கவில்லை. எனக்கும் அது சௌகரியமாகப் போயிற்று.

போளூர் பக்கம் ஒரு பழைய கொட்டகையை இடித்தபோது, காயலான் கடைக்காரர் இரும்போடு இரும்பாக ஏற்றிக்கொண்டு போன இந்த ஹாரன்களை வழிமறித்து வாங்கினாராம். டெம்போவிலிருந்து இறக்கும்போது ஒரு ஹாரனின் வாய்க்குள் புறாக்கூடு இருந்ததாம், கூட்டுக்குள் முட்டை வேறு. "அப்டியே வுட்டிருக்கணும்டி. நான்தான் பாவம்னு கூட்டை எடுத்து மொட்டமாடில வெச்சேன். புறா இருந்திருந்தா இவரு இத்தத் தொட்டிருக்க மாட்டாரு," என்று அக்கா சொல்வாள்.

வந்த நாளிலிருந்து அவர் அந்த ஹாரன்களைச் சும்மா விடவில்லை. பின்னால் மாட்டியிருக்கும், சத்தத்தை உண்டாக்குகிற டிரைவரைத் திறந்து, உள்ளே அதிர்கிற மெல்லிய தகட்டை மாற்றினார். அதற்கு டயாஃபிரம் என்று பெயர்; அந்தத் தெருவில் எல்லாருக்கும் அந்த வார்த்தை தெரியும். எந்தச் சத்தம் மேலே ஹாரனுக்குப் போக வேண்டும், எது கீழே பெட்டிக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிற பலகையில் இருந்த பழைய கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிவிட்டுப் புதிது வைத்தார். ஹாரனின் இரும்பைத் தட்டினால் ரீங்கரிக்கிறது, அந்த ரீங்காரம் பாட்டில் கலக்கிறது என்று அதன் கழுத்து முழுக்கப் பாவு நூலைச் சுற்றினார். தறியில் பாவு முடியும்போது கடைசியில் நெய்ய முடியாமல் ஒரு முழம் மிஞ்சுமே, அந்தப் பட்டு நூல். வேறு ஊரில் இதற்கு எதைச் சுற்றுவார்களோ தெரியாது, ஆரணியில் அதுதான் சும்மா கிடைக்கும். மயில் கழுத்துப் பச்சையும் அரக்குமாக அந்த இரண்டு ஹாரன்களும் கல்யாணத்துக்குக் கிளம்பினது போல இருக்கும். பெட்டிக்குள் எதிரொலி அடங்கவும் பட்டுக் கழிவைத்தான் அடைத்தார்.

மேலே இருந்து வரும் சத்தமும் கீழே இருந்து வரும் சத்தமும் காதுக்கு ஒன்றாக வந்து சேர வேண்டுமாம். அதற்காக ஹாரனைப் பெட்டியின் மேல் முன்னால் தள்ளுவார், பின்னால் இழுப்பார். "இன்னும் ஒரு நூல்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஆசாரிமார் சொல்கிற அளவு அது, ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒரு நூல் தள்ளிவிட்டு, ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வரியைப் போட்டுக் கேட்டு, உதட்டைப் பிதுக்கி, மறுபடி எழுந்து போவார். வருடக்கணக்கில் இதைச் செய்தார்.

ஒரு குறை இருக்கிறது என்று அவர் முடிவு செய்துவிட்டால் அது சாமானின் குறையாகத்தான் இருக்கும். காலிங் பெல்லை மாற்றிக்கொண்டே இருந்தார், "சவுண்டே வரல, டூப்ளிகேட் மால்" என்று. செல்போன் மணி சரியில்லை என்று போனை மாற்றினார். குக்கர் விசில் அடிக்கவில்லை என்று குக்கரையே தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். கடைக்காரர் அங்கேயே தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துக் காட்டினாராம். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் விசிலைக் கேட்டார்கள். இவர் ஆவியைக் காட்டி, "தோ, வெறும் காத்துதான் வருது," என்றாராம். கடைக்காரர் வேறு குக்கரைக் கொடுத்து அனுப்பினார்.

கெட்ட மனிதர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எனக்கு டைஃபாய்டு வந்து படுத்திருந்தபோது நான் எழுந்து நடமாடும்வரை ஹாரனைத் தொடவில்லை. வேளாவேளைக்குக் கஞ்சி வந்தது. ஒருநாள் அவரே மேலே வந்து, ஓடுகிற ஃபேனைக் கொஞ்ச நேரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இதோட ஆட்டம்தாம்மா உன்ன பேஜார் பண்ணுது, தூக்கம் வந்தா ஜொரம் ஓடிடும்," என்று சொல்லி அதைக் கழற்றிக்கொண்டு போனார். ஃபேன் திரும்பி வருவதற்குள் எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வேர்வையில் விட்டதா, அவர் கைராசியா தெரியாது. ஃபேன் அதற்குப் பிறகு சத்தமே போடவில்லை.

அவருக்குக் காது மந்தம் என்பது இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை. காரணம், வீட்டுக்குப் பின்னால் இருந்த அவருடைய பவர்லூம் ஷெட். தறிகள் ஓடும்போது அதற்குள் யாரும் காதால் பேசிக்கொள்வதில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், இல்லையென்றால் கை ஜாடை. டீக்கு ஒரு கை, சாப்பாட்டுக்கு ஒரு கை, இழை அறுந்ததற்கு ஒரு கை. சின்ன வயதிலிருந்து அவர் அதற்குள்தான். வெளியே வந்தாலும் கத்தித்தான் பேசுவார், அவரிடம் வேலை பார்ப்பவர்களும் அப்படித்தான். பவர்லூம்காரர்கள் இரண்டு பேர் கடைத்தெருவில் நின்று நலம் விசாரித்தால் புதிதாக வந்தவர்கள் சண்டை என்றுதான் நினைப்பார்கள். எல்லாரும் கத்துகிற இடத்தில் யாருக்குக் கேட்கவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹாரனை ஒரு நூல் நகர்த்தி முடித்ததும் கருத்து கேட்க அவர் கூப்பிடுவதும் அவர்களைத்தான். மேஸ்திரியும் தறி ஓட்டுகிறவர்களும் வேட்டியில் ஒட்டிய பட்டுத் தூசியோடு ஹாலில் வந்து நிற்பார்கள்.

"இன்னா மேஸ்திரி, அந்தம்மா குரல் தெளிவா வருதா?"

"மேல போறப்போ அமுங்கினாப்பல கீது மொதலாளி."

"அத்தத்தான் நானும் சொல்லிகினு கீறேன்!" என்று உற்சாகமாகி, ஹாரனுக்குப் போகும் சத்தத்தை ஏற்றுவார். "இப்போ?"

"தோ, இப்போ வருது."

எல்லாரும் தலையாட்டுவார்கள். அவருக்காக ஆட்டிய தலை இல்லை அது. அத்தனை பேருக்கும் ஒரே தறிச் சத்தத்தில் காதின் ஒரே பகுதி போயிருந்தது, மெல்லிசான மேல் சத்தம் கேட்கிற பகுதி. ஊரே ஒத்துக்கொண்டபின் அவர் எதற்காகத் தன் காதைச் சந்தேகப்படுவார்? ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனார். மாடியில் எனக்கு அந்தப் பாட்டில் 'ஸ' வருகிற இடமெல்லாம் கத்தி தீட்டுகிற மாதிரி இருந்தது.

அக்கா ஷெட்டுப் பக்கம் போகிறவள் இல்லை. அவள் பிறந்த ஊர் செய்யாறு; அப்பா சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். சத்தம் போட்டு வளராத குரல், பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். அவளுடைய காது நல்ல காது. "காது கிழியுதுங்க, கொஞ்சம் கம்மி பண்ணுங்களேன்," என்பாள். "உனுக்குக் கேக்கத் தெரியல. வேணும்னா மேஸ்திரியக் கேளு," என்பார். கடைசியில் அவள் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டால் பஞ்சினால் அவளுக்குக் கேட்காது, அவள் பதில் சொன்னால் அவருக்குக் கேட்காது. சமையலறையிலிருந்து "சாப்பிட வாங்க" என்று சொல்லிப் பார்ப்பாள். பிறகு ஹாலுக்கு வந்து, நாற்காலிக்கும் ஹாரனுக்கும் நடுவில் நின்று, ஷெட்டில் சாப்பாட்டுக்குக் காட்டுகிற கையைக் காட்டுவாள். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து அவள் அந்தக் கையைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பதால், அக்காவின் காது அவுட்டு என்று அவர் முடிவு செய்தார். வேலூரில் ஒரு காது டாக்டரிடம் காட்டக் கூட்டிப்போனார். எனக்கு வார லீவு. துணைக்கு வா என்று அக்கா கூப்பிட்டாள். டாக்டர் சின்னப் பெண். அக்காவின் காதிலிருந்து பஞ்சை எடுத்து அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார். அக்கா அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, காது ரொம்ப நல்லா இருக்கு. எதுக்குப் பஞ்சு வெக்கிறீங்க?"

அக்கா தன் கணவரைப் பார்த்தாள். அவர் டாக்டரின் வாயைப் பார்த்தபடி, "இன்னா சொல்றீங்க மேடம்?" என்றார். டாக்டர் மறுபடி சொன்னார். "இன்னாது?" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், நீங்க கொஞ்சம் உள்ள போய் உட்காருங்க," என்று கண்ணாடி அறையைக் காட்டினார்.

உள்ளே போனவர் அங்கேயும் அதே மாதிரிதான் உட்கார்ந்தார், கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து. பட்டன்மேல் கட்டை விரல். தொடக்கத்தில் விரல் அசைந்தது. டாக்டர் திருகிக்கொண்டே போகப் போக அசைவது நின்றுவிட்டது. டாக்டர் இன்னும் திருகினார். அக்கா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். பாதிவரை நேராகப் போய், பிறகு கிணற்றில் விழுகிற மாதிரி இறங்கியது. "பல வருஷத் தறிச் சத்தம் சார். போனது திரும்பி வராது. ரெண்டு காதுக்கும் மெஷின் வெச்சிக்கிட்டா பேச்சு புரியும்," என்று டாக்டர் கத்திச் சொன்னார். அவர் உடைந்துபோவார் என்று நினைத்தேன். அவர் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஸ்பீக்கருக்குப் போடற கிராஃப் மாதிரியே கீதும்மா! எங்க இறங்குதுன்னு தெரிஞ்சிபோச்சு இல்ல, அப்பால இன்னா? அங்க ஏத்தினா முடிஞ்சிது."

சோதித்துப் பாருங்கள் என்று மாட்டிவிட்ட மெஷினை ஆஸ்பத்திரி வாசல்வரைதான் வைத்திருந்தார். "தகரத்துல பேசறாப்பல கீது. இத்தினூண்டு ஸ்பீக்கர்ல இன்னா வரும்?" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் முன் சீட்டில் அவர் சந்தோஷமாகத் தாளை மடித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். அக்கா ஜன்னல் பக்கம் இருந்தாள்.

"அந்த மெஷின வெச்சிகினா போதும்டி," என்றாள் என்னிடம். "எனக்கு வேற ஒண்ணும் வாணாம். நான் பேசறது அவருக்குக் கேக்கணும். அவரு கூடப் பேசி எவ்ளோ காலமாச்சு தெரியுமா? சாப்பிடுங்க, படுங்க, இதுக்குப் பேரு பேச்சா?"

ஊருக்கு வந்ததும் ஒரு மைக்செட்காரரிடமிருந்து ஈக்வலைசர் வாங்கிவந்தார். சத்தத்தைப் பகுதி பகுதியாக ஏற்றி இறக்குகிற பெட்டி. தாளைச் சுவரில் ஒட்டி, கோடு எங்கெல்லாம் இறங்கியதோ அங்கெல்லாம் பெட்டியில் ஏற்றினார். பிறகு அந்த வரியைப் போட்டார். நான் காய்கறிப் பையோடு படியில் இருந்தேன். பையைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் எழுந்து என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர்.

"மூச்சு வாங்கறாங்கம்மா. பாடறதுக்கு முன்னாடி அந்தம்மா மூச்சு வாங்கறாங்க. கேட்டியா?"

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து எனக்கு அன்றைக்கும் தூக்கம் கிடையாது. அவர்மேல் அவ்வளவு ஆத்திரமாக இருந்தது. அவருக்காக அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது.

பாட்டுக்குச் செய்ததை அக்காவுக்கும் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியதில் தப்பு சொல்ல மாட்டேன். கல்யாண வீடியோக்காரர்கள் சட்டையில் குத்திக்கொண்டு பேசுவார்களே, வயர் இல்லாத குட்டி மைக், அதை வாங்கிவந்து அக்காவின் புடவைத் தலைப்பில் குத்திவிட்டார். அவள் சமையலறையில் நின்று, "கேக்குதா?" என்றாள். ஹாலில் இரண்டு கொட்டகை ஹாரன்களிலும் அவள் குரல் வந்தது.

"கேக்குது! பேசு பேசு!" என்று அவர் ஹாலிலிருந்து கத்தினார்.

அக்கா சிரித்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். அன்று முழுக்கப் பேசினாள். வெங்காயம் அழுகி வந்தது, பெண் போனில் சொன்னது, கனவில் மாமியார் வந்து முறைத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நாற்காலியிலிருந்தபடியே பதில் கத்துவார். பாட்டை நிறுத்திவிட்டார். அவள் காதில் பஞ்சு இல்லை. ஒரு வாரம் அப்படிப் போயிற்று. அந்த ஒரு வாரத்தில் அவர்கள் பேசிக்கொண்ட அளவுக்கு நானும் என் கணவரும் கல்யாணமான நாளிலிருந்து பேசியதில்லை.

ஆனால் அது ஒரு கொட்டகை நிறைய ஜனங்களுக்குக் கேட்பதற்காகச் செய்த ஹாரன். ஹால் ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. ஒருநாள் அக்கா என்னிடம் சமையலறையில், எதிர்வீட்டுக் கருவாட்டு வாடையைப் பற்றி ரகசியமாகச் சொன்னாள். மறுநாள் காலையில் எதிர்வீட்டம்மா வாசலில் நின்று, "இன்னாக்கா, எங்கூட்டு நாத்தம் குடலப் புடுங்குதாமே? வேற ஊட்டுக்குக் குடி போயிடட்டுமா?" என்று கேட்டாள். அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். "கொறச்சா மேல் சவுண்டு போயிடும்டி. உன் குரலே அதுலதான் கீது," என்றார். அதிலும் தப்பு சொல்ல முடியாது, உண்மையைத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவள் யோசித்து யோசித்துத்தான் பேசினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் மாடிப்படியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தேன். அக்கா சமையலறையில் இருந்த சாமி அலமாரியில் விளக்கேற்றிவிட்டு நின்றிருக்கிறாள், தலைப்பில் மைக் இருப்பதை மறந்துவிட்டாள். கீழே ஹாரனில் அவள் குரல் வந்தது.

"முருகா, என்னால முடியலப்பா. இந்த ஆளோட இன்னும் எவ்ளோ நாளு? போதும். என்ன கூட்டிகினு போயிடு."

தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைத் தூக்கிய கையோடு நின்றார். எதிர்வீட்டம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை, நான் கீழே ஓடினேன். எனக்கு முன்னால் அவர் சமையலறைக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

"முழுசும் கேட்டுச்சுடி! முருகான்னு சொல்றப்போ குரல் நடுங்குச்சு பாரு, அதுகூட வந்துச்சு. இப்பத்தான் ஹாரன் செட் ஆச்சு!"

அக்கா திரும்பினாள். "நான் இன்னா சொன்னேன்னு கேட்டுச்சா?"

அவர் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "கேட்டுச்சே. அத்த வுடு. எப்டி வந்துச்சு தெரியுமா?"

 மைக்கைக் கழற்றி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். என்னைப் பார்த்து, "காபி குடிக்கிறியாடி?" என்றாள்.

மறுநாள் அவர் மைக்கைக் குத்திவிட்டபோது அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேசவில்லை. வளையல் சத்தம் வந்தது, பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது, அவள் நடப்பது வந்தது. அவர் மைக்கின் பேட்டரியை மாற்றினார். மைக்கை மாற்றினார். ஹாரனின் தகட்டைக் கழற்றித் துடைத்துப் போட்டார். மேஸ்திரியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "அவ மூச்சு வுடறது கேக்குதா?" என்று கேட்டார். "கேக்குது மொதலாளி," என்றார் மேஸ்திரி. பஞ்சு மறுபடி அக்காவின் காதுக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போது வேறு தெருவில் இருக்கிறேன், நினைத்துப் பார்க்கிறேன், இப்போதும் வரவில்லை. பகல் முழுக்கத் தூங்காமல் ராத்திரி முழுக்க நின்றபடி ஷூவுக்குச் சோல் ஒட்டிக்கொண்டிருந்தால் மனசும் மரத்துப்போய்விடுமோ என்னவோ.

செய்யாறில் அக்காவின் தங்கைக்கு ஆபரேஷன் என்று போன் வந்தது. துணைக்கு இருந்துவிட்டுப் பத்து நாளில் வருகிறேன் என்று ஒரு பையோடு கிளம்பினாள். பத்து நாள் ஒரு மாதமாயிற்று, தங்கை எழுந்து நடமாடியும் ஆயிற்று. அவர் தினமும் சாயங்காலம் போன் செய்வார். போனுக்கு ஒரு வயர் கொடுத்து ஹாரனோடு இணைத்திருந்தார். அதை அவளிடம் முதல் நாளே சொல்லியும் விட்டார். அங்கே இருந்து அக்கா நன்றாகப் பேசினாள். நிதானமாக, பழைய குரலில், தங்கை வீட்டு மொட்டைமாடியில் உலாவிக்கொண்டே. என் போர்ஷனில் இருந்து கேட்டால் அவள் கீழே வந்துவிட்ட மாதிரியே இருக்கும். இரண்டு மூன்று முறை ஏமாந்து நான் படியிறங்கிப் போயிருக்கிறேன்.

அன்றைக்கு எனக்கு ராத்திரி ஷிஃப்ட். பொழுது இறங்குகிற நேரம், டிபன் பாக்ஸோடு கீழே வந்தேன். அவர் நாற்காலியில் இருந்தார், கையில் போன்.

"எப்போ வர?" என்று கேட்டார்.

 ஹாரனில், செய்யாறில் எங்கேயோ ஒரு குழந்தை அழுவது கேட்டது.

"நான் பேசறது நல்லா கேக்குதுங்களா?"

"ஒரு எழுத்து வுடாம கேக்குதுடி. பக்கத்துல நிக்கிற மாதிரி கீது."

"இங்க இருந்து பேசினாலும் கேக்குதா?"

"இங்க இருந்ததவிட நல்லா கேக்குது."

"அப்போ நான் இங்கியே இருந்துடறேங்க," என்றாள் அக்கா.

கோபம் இல்லை, அழுகை இல்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். தெருவில் எல்லாருக்கும் கேட்டது. இஸ்திரி வண்டிக்காரர் குனிந்தபடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் அவர். அந்தப் பக்கம் அக்கா போனை வைத்தாள். ஹாரனில் வெறும் இரைச்சல் மட்டும் வந்தது.  எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்படியே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. அவர் எதிரே போய் நின்று, "ஆஃப் பண்ணட்டுமாண்ணா?" என்றேன். அவர் என் உதட்டைப் பார்த்தார், புரியவில்லை. நான் சுவிட்சைக் காட்டிக் கையைத் திருப்பினேன்.

"வாணாம்மா," என்றார். "அது பாட்டுக்கு இருக்கட்டும். அவ மறுபடி கூப்பிட்டா எனக்குக் கேக்கணும் இல்ல?"